பத்து நாள் பேச்சு இல்லை

ஆகஸ்ட் 20

வாத்தியாருக்கு,

நான் நலம். நீங்களும் நம் வாயாடி மகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உங்கள் மூன்று கடிதங்களும் கிடைத்தன. மூன்று கடிதத்திலும் கேட்டிருப்பது ஒன்றுதான், எப்போது வீட்டுக்கு வருவாய் என்று. பக்கம் பக்கமாக எழுதி அந்த ஒரு கேள்வியைக் கடைசி வரியில் ஒளித்து வைத்திருக்கிறீர்கள். நேராகக் கேட்டால் குறைந்தா போய்விடுவீர்கள்?

எட்டு மாதமாக யோசித்துவிட்டேன். இந்த ஆஸ்பத்திரிக் குவார்ட்டர்ஸில் ஒற்றை அறை, ஒற்றை ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே தண்ணீர்த் தொட்டி. எக்ஸ்ரே அறையில் நாள் முழுக்க ஊரார் எலும்பைப் பார்த்துவிட்டு வந்தால், பேச ஆளில்லை. ஏப்ரலில் அவளுக்குப் பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை முடிந்ததும் மாற்றல் கேட்டு வந்துவிடுகிறேன். போதுமா?

ஒரே ஒரு நிபந்தனை. அந்த வீட்டில் இனி யாரும் யாரோடும் பேசாமல் இருக்கக் கூடாது. கோபம் வந்தால் கத்துங்கள், கதவைச் சாத்துங்கள், தலையணையைத் தூக்கி எறியுங்கள். போன வருஷம் உங்கள் நாடக ஒத்திகையில் ராஜாவின் தாடி கழன்று விழுந்தது, நான் சிரித்துவிட்டேன். அதற்கு இருபத்து மூன்று நாள் என்னோடு பேசவில்லை நீங்கள். உப்பு வேண்டும் என்றால் அவளிடம் சொல்வீர்கள், அவள் என்னிடம் சொல்வாள். நான் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தேன். இருபத்து நான்காம் நாள்தான் பெட்டியைக் கட்டினேன், ஞாபகம் இருக்கிறதா?

போன் செய்யலாமே என்று கேட்டிருக்கிறீர்கள். பிடிக்காத பேச்சு வந்தால் ரிசீவரைப் பிடித்துக்கொண்டு சும்மா நிற்பீர்கள். அதைக் கேட்க என் காதுக்குத் தெம்பில்லை. எழுதினால் பதில் வந்துதானே ஆக வேண்டும்.

அவளை உங்களிடம் விட்டு வந்தது உங்கள் பாடத்துக்காகத்தான். இந்த ஊர்ப் பள்ளிகளில் பழங்கிரேக்க வரலாறும் நாடகமும் கிடையாது. "அந்தப் பாடம் இல்லாத ஸ்கூலுக்கு நான் வரமாட்டேம்மா, போ" என்று குதித்தாளே. பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி


செப்டம்பர் 4

என் அன்பு இல்லத்தரசிக்கு,

ஆயிரம் வணக்கம். உன் கடிதத்தை ஆசிரியர் அறையில் வைத்துப் பிரித்தேன். ஏப்ரல் என்ற சொல்லைப் பார்த்ததும் கணக்கு வாத்தியாருக்கு என் செலவில் காபி வாங்கிக் கொடுத்துவிட்டேன், அந்த மனுஷன் மயங்கி விழாத குறை. உன் நிபந்தனையை முழு மனதோடு ஏற்கிறேன். இனி என் ஆயுளில் ஒரு நாளும் உன்னோடு பேசாமல் இருக்க மாட்டேன். சத்தியம்.

இங்கே ஒரு அற்புதம் நடந்தது, அதை உனக்குச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பழைய ஏதென்சில் மக்கள் கூடி, ஊருக்கு ஆகாதவன் என்று நினைக்கிற ஒருவனின் பெயரைப் பானைச் சில்லில் கீறிப் போடுவார்கள். போதுமான சில்லு விழுந்தால், அதிகம் பெயர் வந்தவன் பத்து வருஷம் ஊரைவிட்டுப் போக வேண்டும். அவன் மேல் குற்றச்சாட்டு கிடையாது, பதில் சொல்ல அவனுக்கு வாய்ப்பும் கிடையாது. வீடு வாசல் அப்படியே இருக்கும், ஆள் மட்டும் இருக்கக் கூடாது. இதைக் கரும்பலகையில் எழுதிப் போட்டால் பிள்ளைகள் கொட்டாவி விடுகிறார்கள். அனுபவித்தால்தானே மண்டையில் ஏறும்?

திங்கட்கிழமை வாட்ச்மேனிடம் சொல்லி உடைந்த பூந்தொட்டிகளைச் சில்லு சில்லாக நொறுக்கி வாங்கிக்கொண்டேன். வகுப்பில் பன்னிரண்டு பேர். ஆளுக்கு ஒரு சில்லு. ஒரு பெயருக்கு ஆறு சில்லு விழுந்தால் பத்து நாள் நாடு கடத்தல். வருஷத்தை நாளாகக் குறைத்துக்கொண்டேன், அவ்வளவுதான். அந்தப் பத்து நாளும் அந்த ஆளோடு யாரும் பேசக் கூடாது, அந்த ஆளும் யாரோடும் பேசக் கூடாது. கடைசி பெஞ்சில் தனியாக உட்கார வேண்டும். ஆண்டு விழா நாடகத்தில் வேஷம் இருந்தால் அதுவும் போகும்.

எண்ணினேன். நம் வாயாடியின் பெயர் ஐந்து சில்லில் இருந்தது. ஐந்தும் ஒரே கையெழுத்து! யார் கையெழுத்து என்பதும் எனக்குத் தெரியும், ராணி வேஷம் கிடைக்காத பெண் நாலு பேருடைய சில்லையும் வாங்கித் தானே எழுதிக் கொடுத்திருக்கிறாள். ஏதென்சிலும் இப்படிச் சில கைகள் மட்டும் எழுதிக் குவித்த சில்லுகள் ஒரு கிணற்றுக்குள்ளிருந்து கிடைத்திருக்கின்றன. ஆகவே செல்லும் என்று அறிவித்தேன். வகுப்பே அசந்துபோயிற்று.

ஆறுக்கு ஒன்று குறைந்தது. எல்லாரும் என் முகத்தையே பார்த்தார்கள். "வாத்தியார் பொண்ணாச்சே, தப்பிச்சிடுவா" என்று பின்னால் ஒரு முணுமுணுப்பு. ராணி வேஷத்தை அவளுக்குக் கொடுத்ததிலிருந்தே இந்தப் பேச்சு இருக்கிறது, என் காதுபடவே பேசுகிறார்கள். இருபத்தாறு வருஷம் வாத்தியாராக இருந்தவன் இதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருப்பதா? மிச்சம் இருந்த சில்லை எடுத்தேன். அவள் பெயரை எழுதினேன். போட்டேன்.

"அப்பா, நெஜமாவா?" என்றாள். அதுதான் அவள் பேசியது. பிறகு அவளே எழுந்து பையை எடுத்துக்கொண்டு கடைசி பெஞ்சுக்குப் போய்விட்டாள். என் மகள் அல்லவா!

வகுப்புக்கு ஒரு சட்டம், வீட்டுக்கு ஒரு சட்டம் என்றால் நாளைக்குப் பிள்ளைகள் என்னை மதிப்பார்களா? ஆகவே வீட்டிலும் விதி விதிதான். இன்று இரண்டாம் நாள். காலையில் காபி போட்டு மூடி வைத்துவிட்டுப் போகிறாள், குடிக்கிறேன். வீடு இத்தனை அமைதியாக இருந்து நான் பார்த்ததில்லை.

என்றும் உன்,
அன்புக் கணவன்


செப்டம்பர் 8

வாத்தியாருக்கு,

உங்கள் கடிதம் வேலை நேரத்தில் வந்தது. நெஞ்சு எக்ஸ்ரேக்கு வந்த ஒருவரை நிறுத்தி, "மூச்சை இழுத்துப் பிடிங்க" என்று சொல்லிவிட்டு, கையோடு கையாகப் பிரித்துப் படித்தேன். பொத்தானை அமுக்கவே மறந்துவிட்டது. "விடலாமாம்மா?" என்று அவர் திணறிக்கொண்டு கேட்ட பிறகுதான் சுயநினைவு வந்தது.

உங்களுக்கு என்ன, பைத்தியம் பிடித்துவிட்டதா?

கள்ளச் சில்லு என்று தெரிந்தே எண்ணியிருக்கிறீர்கள். ஐந்து பேர் போட்டதை அவள் ஒரு வாரத்தில் மறந்துவிடுவாள், பிள்ளைகள் சண்டை அது. ஆறாவதை மறப்பாளா? அதை எனக்கு அற்புதம் என்று எழுத உங்களுக்கு எப்படிக் கை வந்தது?

என்னோடு பேசாமல் இருக்க மாட்டேன் என்று சத்தியம் செய்திருக்கிறீர்கள். நான் கேட்டது அதுவா? யாரும் யாரோடும் என்றுதானே எழுதினேன். கெட்டிக்காரர்தான் போங்கள்.

வீட்டில் அந்த மாதிரி இருந்தால் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியாது, நீங்கள் எப்போதும் அந்தப் பக்கம் இருந்தவர். மூன்றாம் நாள் நமக்கே சந்தேகம் வந்துவிடும், நாம் இருக்கிறோமா இல்லையா என்று. நான் குளியலறைக்குள் போய் என் பெயரை நானே சொல்லிப் பார்த்திருக்கிறேன். எனக்கு அப்போது நாற்பத்து மூன்று வயசு. அவளுக்குப் பதினேழு.

இந்தக் கடிதம் கைக்குக் கிடைத்த நிமிஷம் அவள் அறைக்குப் போங்கள். என்ன பேசுவது என்று தெரியாவிட்டால் "சாப்பிட்டியா" என்று கேளுங்கள். அது போதும். நானே பஸ் ஏறியிருப்பேன். இங்கே என்னோடு வேலை பார்க்கிறவள் பிரசவ விடுப்பில் போய்விட்டாள், ஒரு நாள்கூட விட மாட்டேன் என்கிறார்கள்.

உங்கள் மனைவி


செப்டம்பர் 13

என் அன்பு இல்லத்தரசிக்கு,

நலம், நலமறிய ஆவல். உன் கோபக் கடிதம் ஒன்பதாம் நாள் வந்து சேர்ந்தது. ஒரு நாள்தானே பாக்கி, இப்போது கலைத்தால் ஒன்பது நாள் பட்ட பாடு வீணாகுமே என்று விட்டுவிட்டேன். நேற்றோடு பத்து நாளும் முடிந்தன. நீ பயந்தபடி யாரும் செத்துப் போகவில்லை.

என்ன நடந்தது என்று உள்ளது உள்ளபடி எழுதுகிறேன், நீயே சொல், உன் புருஷன் சாமான்யனா என்று. ஏழாம் நாள் எனக்கு ஒரு சோதனை வந்தது. சாப்பிட உட்கார்ந்தால், தட்டு வைக்கிற இடத்தில் நாலாக மடித்த தாள். மேலே "அப்பாவுக்கு, அவசரம்" என்று அவள் கையெழுத்து. மன்னித்துவிடுங்கள், பேசுங்கள் என்று கெஞ்சியிருப்பாள், வேறென்ன இருக்கப்போகிறது? நான் தொடவில்லை. தட்டை அதன் மேலேயே வைத்துச் சாப்பிட்டுவிட்டு எழுந்தேன். எட்டாம் நாளும் அதே தாள், அதே இடம். ஒன்பதாம் நாளும். மூன்று நாளும் தட்டு அதன் மேல்தான். சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள், கண்ணெல்லாம் தண்ணீர். எனக்கென்ன கல் நெஞ்சா? ஆனாலும் ஒரு வார்த்தை பேசவில்லை, தாளைப் பிரிக்கவில்லை. பத்தாம் நாள் தாள் இல்லை. பிள்ளை பக்குவப்பட்டுவிட்டாள் என்று புரிந்துகொண்டேன்.

இன்று காலை, "வா, இனிமே பேசலாம்" என்று கூப்பிட்டேன். தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போய்விட்டாள். கொஞ்சம் முறுக்கு, இரண்டு நாளில் சரியாகிவிடும். புது ராணிக்கு வசனம் பிரமாதமாக மனப்பாடம், குரல்தான் காணாது.

இந்த அமளிக்கு நடுவே பொதுத்தேர்வு விண்ணப்பங்களை வாங்கி அனுப்புகிற வேலை வேறு. நேற்றுதான் கடைசி நாள். பெற்றோர் கையெழுத்து, புகைப்படம் எல்லாம் சரிபார்த்து, அடுக்கி, நூல் கட்டி ஆபீசில் கொடுத்தேன். "பதினொண்ணுதானா சார்?" என்று கிளார்க் கேட்டார். "பதினொண்ணுதான்" என்றேன். இந்தப் பள்ளியிலேயே அடித்தல் திருத்தல் இல்லாமல் போனது என் வகுப்புக் கட்டு ஒன்றுதானாம்.

என்றும் உன்,
அன்புக் கணவன்


செப்டம்பர் 15

உங்களுக்கு,

நேற்று மத்தியானம் அவள் இங்கே வந்தாள், தனியாக, பஸ்ஸில். நான் தலை நிமிர்ந்தபோது எக்ஸ்ரே வரிசையில் நின்றுகொண்டிருந்தாள், கட்டுப் போட்ட கைகளுக்கும் கால்களுக்கும் நடுவில், பள்ளிக்கூட உடுப்போடு. ஓடிப்போய், "எங்கடி அடி பட்டுச்சு?" என்று கேட்டேன். பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினாள்.

உங்கள் தட்டின் ஈர வட்டம் மூன்று, ஒன்றின் மேல் ஒன்றாக அதில் இருக்கிறது.

அது மன்னிப்புக் கடிதம் இல்லை. அவளுடைய பொதுத்தேர்வு விண்ணப்பம். பெற்றோர் கையெழுத்துக்கு இடம் விட்டு, பென்சிலில் சின்னதாக ஒரு பெருக்கல் குறி போட்டு வைத்திருக்கிறாள், உங்களுக்குத் தேட வேண்டாமே என்று.

வகுப்பில் எத்தனை பேர் வாத்தியாரே? பன்னிரண்டு பேருக்குச் சில்லு கொடுத்தேன் என்று நீங்கள்தானே எழுதினீர்கள். கிளார்க் அத்தனை தெளிவாகக் கேட்டிருக்கிறார். பெற்ற பெண்ணைக் கழித்துவிட்டுப் பதினொன்று என்று சொல்ல எப்படி ஐயா வாய் வந்தது?

நேற்று முழுக்க என்னோடும் பேசவில்லை. இன்று காலை நான் தலை வாரிக்கொண்டிருந்தபோது வாயைத் திறந்தாள். "அப்பா படிச்சுப் பார்த்துட்டுதான் போடலைன்னு நெனச்சேம்மா. என்னை எழுத விடக் கூடாதுன்னு முடிவு பண்ணிட்டாருன்னு நெனச்சேன்." இதைச் சொல்லும்போது அழக்கூட இல்லை.

ஆபீசுக்குப் போய்க் கேட்டாளாம். "உங்கப்பாதானே கிளாஸ் டீச்சர், அவரையே கேளு" என்று கிளார்க் அனுப்பிவிட்டாராம். உங்களிடம் பேச முடியாத நாளில் அவளை நிறுத்தினது நீங்கள்.

சண்டைக்கு இப்போது நேரமில்லை. விசாரித்துவிட்டேன். விண்ணப்பம் உரிய நாளுக்குள் தரப்பட்டது, தாமதம் வகுப்பாசிரியர் பிழை என்று நீங்கள் நாலு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டால் தேர்வு வாரியம் இந்த மாதம் முப்பது வரை வாங்கிக்கொள்ளும். நாலே வரி. உங்கள் காலில் விழுகிறேன். எழுதிக் கொடுங்கள். கொடுத்தால் ஏப்ரல் ஏப்ரல்தான், நான் பேச்சு மாற மாட்டேன்.

வாயாடியின் அம்மா


செப்டம்பர் 20

என் அன்பு மனைவிக்கு,

இரண்டு நாளாக ஒழுங்காகச் சாப்பிடவில்லை. நடந்தது ஒரு கைப்பிழை. பத்து நாளாக வருகைப் பதிவைப் பதினொன்று, பதினொன்று என்றே எழுதி எழுதிக் கை பழகிவிட்டது. நாடு கடத்தப்பட்டவளைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்பது விதி. அதே நினைப்பில் விண்ணப்பக் கட்டையும் கட்டிவிட்டேன். என் மனசில் கள்ளம் இல்லை.

ஆனால் நீ கேட்கிற நாலு வரி சின்ன விஷயம் இல்லை. எழுதினால் என் மேல் ஒழுங்கு விசாரணை வரும். ஏன் கொடுக்கவில்லை என்று தோண்டுவார்கள், பத்து நாள் பேச்சு வெளியே வரும், நாடகம் நிற்கும், பாடத்தையே எடுத்துவிடுவார்கள். நான் கட்டியெழுப்பின பாடம் அது. தலைமையாசிரியரிடம் மட்டும் மெல்லச் சொன்னேன். "பொண்ணு உங்க கையில குடுத்ததுக்கு என்ன சார் சாட்சி? அவ மறந்துட்டான்னு விட்டுடுங்க" என்றார். யோசித்துப் பார், நம் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் நடந்ததற்கு உலகத்தில் யார் சாட்சி?

நாடகத்தில் பெரிய மனிதன் தன் தவற்றைத் தானே கண்டு தலையில் அடித்துக்கொண்டு கதறுவான். அதைத்தான் வருஷா வருஷம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறேன். அது மேடைக்கு அழகு. வெளியே அப்படிக் கதறினால் சிரிப்பார்கள்.

ஒன்று செய்யலாம். நீ அவளை அழைத்துக்கொண்டு வரும் இருபத்தெட்டாம் தேதிக்குள் வீட்டுக்கு வந்துவிடு. ஏப்ரல் வரை எதற்கு? நீங்கள் இரண்டு பேரும் இந்த வீட்டில் இருந்தால் எனக்கு எதையும் தாங்கத் தெம்பு வரும், அன்றே நாலு வரி எழுதித் தருகிறேன். வரவில்லை என்றால் என்னால் ஒன்றும் முடியாது. ஒரு வருஷம் போனால் குடிமுழுகிவிடாது, அடுத்த வருஷம் எழுதட்டும். முடிவு உன் கையில். அவள் வருஷம் போனால் அதற்குக் காரணம் நான் இல்லை, நீ.

உன் வரவை எதிர்பார்க்கும்,
கணவன்


செப்டம்பர் 28

உங்களுக்கு,

நீங்கள் சொன்ன தேதிதான் இன்று. நாங்கள் வரவில்லை.

உங்கள் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. அவளிடம் கொடுத்தேன். படித்துவிட்டு, மடித்து, "இதுக்கு முன்னாடி எழுதினதெல்லாம் வெச்சிருக்கியாம்மா?" என்று கேட்டாள். எடுத்துக் கொடுத்தேன். தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் படித்தாள். பதின்மூன்றாம் தேதிக் கடிதம் வந்ததும் அதை மட்டும் தனியாக எடுத்து வைத்தாள். உள்ளது உள்ளபடி எழுதியிருக்கிறீர்களே, அந்தக் கடிதம். எத்தனையாம் நாள், எந்த இடம், தாளின் மேல் என்ன எழுதியிருந்தது, எத்தனை முறை தட்டை வைத்தீர்கள், கிளார்க்குக்கு என்ன பதில் சொன்னீர்கள், எல்லாம் உங்கள் மணியான கையெழுத்தில் இருக்கிறது. யார் சாட்சி என்று கேட்டீர்கள். நீங்கள்தான்.

வேலை போனால் போகட்டும் என்று சொல்லிவிட்டு வியாழக்கிழமை அவளோடு தேர்வு வாரிய ஆபீசுக்குப் போனேன். எனக்கு இரக்கமே வரவில்லை என்று நினைக்காதீர்கள். பஸ்ஸில் வந்தது. இருபது வருஷம் உங்களோடு வாழ்ந்தவள் நான், உங்களுக்கு அந்தப் பாடம் என்றால் என்ன என்று எனக்குத் தெரியாதா? பாதி வழியில், "திரும்பிடலாமாடி?" என்று கேட்டேன். ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு, "உன் இஷ்டம்மா. ஆனா அதுக்கப்புறம் எனக்கு நீயும் அவரும் ஒண்ணுதான்" என்றாள். குரல் அப்படியே உங்கள் குரல். திரும்பவில்லை.

அங்கே இருந்த அதிகாரி அம்மாள் உங்கள் கடிதத்தை ஒரு முறை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தார்.

"இவரு வாத்தியாரா?"

"ஆமாங்க."

"பெத்த அப்பாவா?"

"அதுவும்தாங்க."

விண்ணப்பத்தில் தட்டு வட்டத்தைப் பார்த்தார். பெற்றோர் என்ற இடத்தில் என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னார், போட்டேன். முத்திரை குத்தி வாங்கிக்கொண்டார். தேர்வை இந்த ஊரிலேயே எழுதலாமாம். உங்கள் கடிதத்தைக் கோப்பில் வைத்துவிட்டார்கள். அதை இனித் திருப்பித் தர மாட்டார்கள். வெளியே வந்ததும் எங்கள் இரண்டு பேருக்கும் அகோரப் பசி. வயிறாரச் சாப்பிட்டோம். சொல்லக் கூடாது, ஆனால் ஒன்பது மாதத்தில் நான் ருசித்துச் சாப்பிட்டது அன்றைக்குத்தான்.

பாடத்தை மாற்றிக்கொள்கிறாயா என்று கேட்டுப் பார்த்தேன். "பாடம் என்ன அவரு சொத்தா?" என்றாள். அவளாகவே படித்து எழுதப் போகிறாள். உங்கள் குறிப்பு நோட்டுகள் எதையும் அனுப்ப வேண்டாம்.

ஏப்ரலில் நான் வரவில்லை. எந்த மாதமும் வரவில்லை. வீட்டுச் சாவியை இதனோடு வைத்திருக்கிறேன். அவளுடைய உடைகளையும் புத்தகங்களையும் வாட்ச்மேனிடம் கொடுத்துப் பஸ்ஸில் போடச் சொல்லுங்கள். நீங்கள் கொண்டு வந்தால் அவள் வெளியே வர மாட்டாள். தன்னைக் கூப்பிட வேண்டாம் என்று என்னிடமும் சொல்லியிருக்கிறாள்.

அடுத்த மாதம் உங்களை விசாரணைக்கு அழைப்பார்களாம், அதிகாரி அம்மாள் சொன்னார். போங்கள். கேட்டதற்கு வாயைத் திறந்து பதில் சொல்லுங்கள். அங்கே பேசாமல் உட்கார்ந்திருந்தால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாக எழுதிக்கொள்வார்களாம்.

வாயாடியின் அம்மா